மூணு பெட்டியா, ஒரே பெட்டியா? மலை மேல சர்வர் வாங்கப் போறவங்களுக்கு ஒரு டாக்டரின் த்ரெட்

1/
போன வாரம் பள்ளிக்கூட நண்பன் ஒருத்தன் போன் பண்ணான். கோத்தகிரி பக்கம் விவசாயிகள்கிட்ட பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்குற ஃபேக்டரி நடத்துறான்.

"டேய், சர்வருக்கு ஒரு கொட்டேஷன் வந்திருக்கு. ஹைப்பர்கன்வெர்ஜ்டாம். விலையைப் பார்த்ததும் எனக்கு பிரஷர் ஏறிடுச்சு. உங்க ஆஸ்பத்திரில கம்ப்யூட்டர் விஷயமெல்லாம் நீதான பார்க்குற? இது வேணுமா வேணாமா, ஒரே வார்த்தைல சொல்லு."

ஒரே வார்த்தைல சொல்ல முடியல. அதான் இந்த த்ரெட்.

2/
முதல்லயே சொல்லிடறேன். நான் எம்பிபிஎஸ் படிச்ச அரசு மருத்துவர். ஐடி படிச்சவன் இல்லை. இருக்கிற டாக்டர்கள்ல வயசு கம்மி என்பதால் "கம்ப்யூட்டர் பொறுப்பு" என் தலையில் விழுந்தது. விழுந்த பிறகு படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

கடை, ஃபேக்டரி, லாட்ஜ், கிளினிக், ஸ்கேன் சென்டர் என்று நடத்துற யாருக்கும் இந்தக் கொட்டேஷன் இன்னைக்கோ நாளைக்கோ வரும். அதனால் பொறுமையா படிங்க மக்களே.

3/
இது எனக்கு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு ராத்திரி கதை.

சில வருஷம் முன்னாடி, வேறொரு ஊரில், வேறொரு மருத்துவமனையில் ட்யூட்டி. ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலியோட ஒரு பெரியவர் வந்தார். இசிஜி எடுத்தோம். இதயத்தின் இடது பக்க மின் கிளையில் அடைப்பு தெரிஞ்சது. எல்பிபிபி என்போம்.

இது புதுசா வந்ததா, ரொம்ப நாளா இருக்கிறதா? அதைப் பொறுத்துத்தான் அடுத்த முடிவு.

4/
புதுசு என்றால் மாரடைப்பா இருக்க வாய்ப்பு. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போடுறதைப் பற்றி யோசிக்கணும். அந்த ஊசி உயிரைக் காப்பாற்றும். தேவையில்லாதவருக்குப் போட்டால் மூளையில் ரத்தக்கசிவு வரைக்கும் கொண்டுபோகலாம்.

அவர் போன வருஷம் அதே ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனவர். பழைய இசிஜி சிஸ்டத்தில் இருக்கு. சிஸ்டத்தைத் திறந்தால் வெள்ளைத் திரை, நடுவுல வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு.

5/
அவர் மகள் ஒரு மஞ்சப்பையை நீட்டினாங்க. உள்ளே ரேஷன் கார்டு நகல், காப்பீட்டு அட்டை, மாத்திரைச் சீட்டு, எல்லாத்துக்கும் அடியில் போன வருஷ இசிஜி-யின் ஜெராக்ஸ். அதிலும் அதே எல்பிபிபி. ஆக பழசு.

ரத்தப் பரிசோதனை, அடுத்தடுத்த இசிஜி என்று நிதானமாகப் பார்க்க நேரம் கிடைச்சது. ஊசி தேவைப்படவில்லை. பெரியவர் நடந்தே வீட்டுக்குப் போனார்.

லட்சக்கணக்கில் செலவு பண்ண சிஸ்டம் கைவிட்டது. ரெண்டு ரூபாய் ஜெராக்ஸ் காப்பாத்துச்சு.

6/
சிஸ்டம் சரியாக மூணு நாள் ஆச்சு. ஏன்னு விசாரிச்சப்பதான் இந்தப் பாடத்தின் முதல் அத்தியாயம் புரிஞ்சது.

சர்வர் ஒரு கம்பெனி. தகவலைச் சேமிக்கிற ஸ்டோரேஜ் பெட்டி இன்னொரு கம்பெனி. ரெண்டையும் இணைக்கிற ஸ்விட்ச் மூணாவது கம்பெனி. சர்வர்காரர் "ஸ்டோரேஜ்ல பிரச்சனை" என்றார். ஸ்டோரேஜ்காரர் "ஸ்விட்சைப் பாருங்க" என்றார். ஸ்விட்ச்காரர் "எங்க லைட் எல்லாம் பச்சையாத்தான் எரியுது" என்றார்.

மெடிசின்ல இருந்து சர்ஜரிக்கு, சர்ஜரில இருந்து ஆர்த்தோவுக்கு என்று நோயாளியைச் சுத்த விடுவோமே, அதே கதை.

7/
இந்தத் தலைவலிக்கு மருந்தா வந்ததுதான் கன்வெர்ஜ்டு.

அதே சர்வர், அதே ஸ்டோரேஜ், அதே ஸ்விட்ச். ஆனால் மூணும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்று முன்கூட்டியே சோதிச்சு, ஒரே ரேக்கில் அடுக்கி, ஒரே சப்போர்ட் நம்பரோட வரும். 2009-இல் சிஸ்கோ, இஎம்சி, விஎம்வேர் மூணும் கூட்டுச் சேர்ந்து விபிளாக் என்று கொண்டுவந்தார்கள். 2010-இல் சிஸ்கோவும் நெட்ஆப்பும் ஃப்ளெக்ஸ்பாட் கொண்டுவந்தார்கள்.

உள்ளே மூணும் தனித்தனிதான். தேவைப்பட்டால் ஒன்றை மட்டும் பெரிசாக்கலாம்.

8/
ஹைப்பர்கன்வெர்ஜ்டு ஒரு படி மேல. தனி ஸ்டோரேஜ் பெட்டியே கிடையாது.

ஒவ்வொரு சர்வருக்குள்ளேயும் டிஸ்க் இருக்கும். எல்லா சர்வரின் டிஸ்க்கையும் ஒரு மென்பொருள் சேர்த்து ஒரே பெரிய குளம் மாதிரி காட்டும். ஒரு சர்வரில் எழுதுற தகவலின் நகல் இன்னொரு சர்வரிலும் உடனே எழுதப்படும். ஒன்று செத்தாலும் மற்றது தாங்கும். இந்த ஒவ்வொரு பெட்டிக்கும் பெயர் நோடு.

2009-இல் தொடங்கிய நியூட்டானிக்ஸ் 2011-இல் இந்த வகைப் பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆரம்பிச்ச மூணு பேரில் ஒருத்தர் கான்பூர் ஐஐடியில் படிச்ச தீரஜ் பாண்டே. 2014-இல் விஎம்வேரும் விசான் என்று இறங்கியது.

9/
ஆஸ்பத்திரி பாஷையில் சொல்றேன்.

தனித்தனியா வாங்குறது: லேப் ஒரு தெருவில், ஃபார்மசி இன்னொரு தெருவில், டாக்டர் மூணாவது தெருவில்.

கன்வெர்ஜ்டு: எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கிற தலைமை மருத்துவமனை. லேப் போதவில்லை என்றால் லேபை மட்டும் பெரிசாக்கலாம்.

ஹைப்பர்கன்வெர்ஜ்டு: ஆரம்ப சுகாதார நிலையம். டாக்டர், நர்ஸ், லேப், மருந்து எல்லாம் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம். கூட்டம் அதிகமானால் இன்னொரு பிஹெச்சி திறக்கணும். லேப் மட்டும்தான் பத்தவில்லை என்றாலும் டாக்டர், நர்ஸோட சேர்த்துத்தான் திறக்க முடியும்.

இந்தக் கடைசி வரியை ஞாபகம் வச்சுக்கோங்க. பணம் அங்கதான் போகுது.

10/
ஒரு கணக்கு போடுவோம். சிடி ஸ்கேனில் ஒரு படம் பொதுவா 512க்கு 512 புள்ளி, ஒரு புள்ளிக்கு 2 பைட். ஆக ஒரு படம் சுமார் அரை எம்பி. ஒரு நோயாளிக்கு 500 படம் என்று வச்சுக்கிட்டா 250 எம்பி. தினம் 20 பேர் என்றால் 5 ஜிபி. வருஷத்துக்கு 1.8 டெராபைட்.

இதெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கிற தகவல். இதைக் காப்பாத்த பெரிய பிராசஸர் வேண்டாம், இடம்தான் வேண்டும். ஸ்கேன் சென்டர்காரர் இதுக்காக நோடு மேல நோடு வாங்கினா, வேலையே இல்லாத பிராசஸருக்கும் அதன் லைசென்ஸுக்கும் சேர்த்துக் காசு கட்டுவார். ஸ்டோரேஜ் அதிகமான நோடும் சிலர் தருகிறார்கள். கேட்டு வாங்கணும்.

11/
அடுத்து, கொட்டேஷனில் பெரிய எழுத்தில் இருக்கிற டெராபைட்.

ஒரு நோடுக்கு 10 டெராபைட், மூணு நோடு, மொத்தம் 30 என்று போட்டிருப்பாங்க. எல்லாத் தகவலும் ரெண்டு நகலா எழுதப்படுவதால் அது உடனே 15 ஆகும். ஒரு நோடு செத்தாலும் மீதி ரெண்டில் மறுபடி ரெண்டு ரெண்டு நகல் இருக்கணும் என்றால், நீங்க நிரப்ப வேண்டியது 10 மட்டும்தான்.

30-க்குக் காசு கொடுத்து 10 வாங்குறீங்க. தப்பே இல்லை. பாதுகாப்புக்கான விலை அது. ஆனா தெரிஞ்சு வாங்கணும்.

12/
"எதுக்கு மூணு? ரெண்டு நோடு போதாதா?"

ராத்திரி ட்யூட்டியில் ரெண்டு டாக்டர், ரெண்டு பிளாக். நடுவுல போன் லைன் அறுந்துடுச்சு. "அவர் இல்லை போல, நான்தான் பார்க்கணும்" என்று ரெண்டு பேருமே நினைச்சு, ஒரே நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஆளுக்கொரு மருந்து எழுதுறாங்க. காலையில் எது சரி? நோயாளி கதி?

இதுக்கு ஐடி-காரங்க வச்ச பேர் ஸ்ப்ளிட் பிரெயின். எங்ககிட்ட இருந்து சுட்ட பேர்தான். அதனால்தான் மூணு பேர் வேண்டும். ரெண்டு பேர் ஒத்துக்கிட்டதே முடிவு. ரெண்டு நோடு மட்டும் வாங்கினால், வேறொரு இடத்தில் விட்னஸ் என்று ஒரு சின்ன சாட்சி வைக்கணும். கொட்டேஷனில் அது இருக்கான்னு பாருங்க.

13/
ஹைப்பர்கன்வெர்ஜ்டில் ஒவ்வொரு தகவலும் கேபிள் வழியாப் பக்கத்து நோடுக்கு ஓடுது. அதனால் ஸ்விட்ச்தான் நரம்பு. வேகமான ஸ்விட்ச், அதுவும் ரெண்டு வேண்டும். விலையைக் குறைச்சுக் காட்ட முதல்ல வெட்டுறது இதைத்தான். மூணு நோடும் நல்லாத்தான் இருக்கும், மொத்த சிஸ்டமும் ஆமை மாதிரி ஊரும்.

அதே மாதிரி, மூணு நோடும் ஒரே யூபிஎஸ்ஸில் செருகியிருந்தால் அது மூணு இல்லை, ஒண்ணுதான். யூபிஎஸ் போனா மூணும் போகும்.

14/
இப்ப நம்ம மலைக்கு வருவோம்.

1932-இல் பைக்காராவில் மின்சாரம் எடுத்துக் கீழ்நாட்டுக்கு அனுப்பின ஊர் நம்ம ஊர். இன்னைக்கும் ஒரு கற்பூர மரம் லைன் மேல சாஞ்சா நமக்குக் கரண்ட் இருக்காது.

2009 நவம்பர் மழை நிலச்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 செ.மீ. மழை கொட்டியது. ரோடு போனால் ரோட்டோரம் புதைச்ச ஃபைபரும் போகும்.

"நெக்ஸ்ட் பிசினஸ் டே சப்போர்ட்" என்று கோயம்புத்தூரில் கையெழுத்துப் போடுவாங்க. பர்லியாரில் மண் சரிஞ்சு கிடக்கும்போது அந்த இன்ஜினியர் எந்த டேயில் வருவார்?

15/
அதனால் "எல்லாத்தையும் கிளவுடில் வச்சுடுங்க சார்" என்பது இங்க முழுப் பதில் ஆகாது. லைன் அறுந்த ராத்திரியும் லேப் ரிசல்ட் வரணும். ஃபேக்டரியில் இலை எடை போடணும். மேலேயே ஒரு சிஸ்டம் ஓடிக்கிட்டு இருக்கணும்.

அதே சமயம் எல்லாம் மேலேயே இருந்து, அந்தக் கட்டடத்துக்குள்ளேயே தண்ணி புகுந்தால்? அப்ப கீழே ஒரு நகல் இருக்கணும்.

மேலே ஓடணும், கீழே பத்திரமா இருக்கணும். ரெண்டும் வேண்டும்.

ஆள் வந்து சேர நாளாகும் இடத்தில், ஒரு நோடு செத்தாலும் மீதி ரெண்டு வேலையை இழுக்கும் ஹைப்பர்கன்வெர்ஜ்டு உண்மையிலேயே நல்ல மருந்து. இதை நான் மறுக்கவே இல்லை. சின்ன இடம் போதும், ஒரே திரையில் எல்லாம் தெரியும், தனியா ஸ்டோரேஜ் நிபுணர் தேவையில்லை.

16/
ஆனா ஒரு பெரிய தப்பான நம்பிக்கை இருக்கு. "மூணு இடத்தில் நகல் இருக்கே, பேக்கப் எதுக்கு?"

நகல் வேறு. பேக்கப் வேறு.

நீங்க ஒரு ஃபைலை அழிச்சா எல்லா நகலிலும் அதே நொடி அழியும். ரான்சம்வேர் வைரஸ் வந்து பூட்டினால் எல்லா நகலும் சேர்ந்தே பூட்டிக்கும். நேத்து ராத்திரி எடுத்து, கழட்டி, வேறு இடத்தில் வச்சதுதான் பேக்கப். அந்த மஞ்சப்பை ஜெராக்ஸ் மாதிரி.

17/
டில்லி எய்ம்ஸை நினைச்சுப் பாருங்க. 2022 நவம்பர் 23 அன்று ரான்சம்வேர் தாக்கியது. ஓபி சீட்டு, அட்மிஷன், லேப் எல்லாம் சுமார் ரெண்டு வாரம் கையால் எழுதி ஓடியது. 5 சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது என்றும், நெட்வொர்க் சரியாகப் பிரிக்கப்படாமல் இருந்ததே காரணம் என்றும் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது.

தொற்று உள்ளவரையும் இல்லாதவரையும் ஒரே வார்டில் படுக்க வைக்கிற மாதிரி. இதைக் கன்வெர்ஜ்டும் தடுக்காது, ஹைப்பர்கன்வெர்ஜ்டும் தடுக்காது. பாதிக்கப்படாத ஒரு சர்வரில் இருந்த பேக்கப்பில் இருந்துதான் தகவல் திரும்பக் கிடைச்சது.

18/
இன்னொண்ணு தென் கொரியா. 2025 செப்டம்பர் 26, டேஜியான் நகரத்து அரசு டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரி தீப்பிடிச்சது. 709 அரசு சிஸ்டங்கள் நின்றன. அரசு ஊழியர்கள் கோப்பு சேமிச்ச ஜி-டிரைவ், 858 டெராபைட், வெளியே பேக்கப் இல்லாததால் அழிந்தே போனது.

தொழில்நுட்பத்தில் நம்மைவிட எவ்வளவோ முன்னே இருக்கிற நாடு. பெட்டி நல்ல பெட்டிதான். ஒரு நகல்கூட வெளியே இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

19/
ஒரே கம்பெனியை நம்புறதிலும் ஒரு சிக்கல்.

2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கியது. அடுத்த மாசமே, ஒரு தடவை காசு கட்டி ஆயுசுக்கும் வச்சுக்கிற லைசென்ஸ் விற்பனையை நிறுத்தியது. இனி சந்தாதான். அதே வருஷம் சிஸ்கோ தன் ஹைப்பர்ஃப்ளெக்ஸ் வகையையே நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டது.

கன்வெர்ஜ்டில் ஒரு பாகத்தை மாத்திட்டு மீதியை வச்சுக்கலாம். ஹைப்பர்கன்வெர்ஜ்டில் சர்வரும் ஸ்டோரேஜும் ஒரே உடம்பு. மாத்தணும்னா மொத்தமா மாத்தணும். அதனால் இன்னைக்கு விலையை மட்டும் கேட்காதீங்க. அஞ்சு வருஷத்துக்கும் சேர்த்து, ரினிவலோட எழுதி வாங்குங்க.

20/
சரி, யாருக்கு எது? என் கருத்து இது. ஐடி நண்பர்கள் திருத்தலாம்.

கிளினிக், சின்ன லாட்ஜ், பத்துக் கம்ப்யூட்டர் வரை உள்ள ஆபீஸ்: ரெண்டுமே வேண்டாம். நல்ல சர்வர் ஒண்ணு, யூபிஎஸ் ஒண்ணு, பேக்கப் ரெண்டு இடத்தில்.

ஒரு மணி நேரம்கூட நிற்கக் கூடாத, ஆனா தனி ஐடி குழு இல்லாத நடுத்தர மருத்துவமனை, ஹோட்டல், பெரிய எஸ்டேட் அலுவலகம்: மூணு நோடு ஹைப்பர்கன்வெர்ஜ்டு பொருந்தும்.

ஸ்கேன் படம், சிசிடிவி மாதிரி தகவல் மலை போலக் குவியும் இடம்: முக்கிய மென்பொருளுக்கு மட்டும் ஹைப்பர்கன்வெர்ஜ்டு, படங்களுக்குத் தனி ஸ்டோரேஜ்.

பெரிய டேட்டாபேஸ், சொந்த ஐடி குழு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் வளரும் பெரிய நிறுவனம்: கன்வெர்ஜ்டு இன்னும் நல்ல தேர்வுதான்.

21/
விற்க வருபவரிடம் கேட்க அஞ்சு கேள்வி. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

அ. ஒரு நோடு செத்த பிறகும் நான் பயன்படுத்தக்கூடிய இடம் எவ்வளவு?
ஆ. ரெண்டு ஸ்விட்ச், ரெண்டு யூபிஎஸ் இந்த விலையில் சேர்த்தியா?
இ. அஞ்சு வருஷத்துக்கு லைசென்ஸ், சப்போர்ட் மொத்தம் எவ்வளவு?
ஈ. ரோடு அடைச்சா உதிரிபாகம் மலை மேல எங்க இருக்கும்?
உ. பேக்கப்பில் இருந்து மொத்த சிஸ்டத்தையும் என் கண் முன்னாடி திருப்பி எடுத்துக் காட்டுவீங்களா?

கடைசிக் கேள்விக்கு முகம் மாறினா, டீ கொடுத்து அனுப்பிடுங்க.

22/
ஒரு சட்ட விஷயமும். 2022 ஏப்ரலில் செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, சைபர் தாக்குதல் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்கணும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு இடமிருக்கு.

உங்க வாடிக்கையாளரின் போன் நம்பரும், என் நோயாளியின் ரிப்போர்ட்டும் நம்மகிட்ட ஒப்படைக்கப்பட்ட பொருள். நம்ம சொத்து இல்லை.

23/
இனி எங்க பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள்.

2025 ஏப்ரலில் ஊட்டியில் 700 படுக்கையோட புது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை முதல்வர் திறந்துவைத்தார். கோயம்புத்தூருக்கு ஆம்புலன்ஸில் வளைவு வளைவா நோயாளியை இறக்கின எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். பெரிய ஆஸ்பத்திரி வர வர, ஸ்கேன், லேப், காப்பீடு எல்லாம் கம்ப்யூட்டரை நம்பி நிற்கும்.

அதனால் எந்த ஊர் அரசு மருத்துவமனைக்கு டெண்டர் எழுதினாலும், பெட்டியோட சேர்த்து மூணு வரி எழுதுங்க: வேறு ஊரில் பேக்கப், மூணு மாசத்துக்கு ஒருமுறை மீட்பு ஒத்திகை, பார்த்துக்க ஒரு நிரந்தர ஆள். மயக்க மருந்து மெஷின் வாங்கிட்டு மயக்க மருத்துவர் போஸ்ட் போடாம விட மாட்டோம் இல்லையா? சர்வருக்கும் அதே நியாயம்தான்.

24/
நண்பனுக்குச் சொன்ன பதில்:

"எத்தனை கம்ப்யூட்டர் வச்சிருக்க?"
"எடை மேடையோட சேர்த்து ஏழு."
"சிஸ்டம் நின்னா எத்தனை மணி நேரம் தாங்குவ?"
"இலை வர்ற நேரத்துல நின்னா பில் புக்ல எழுதிப்பேன். சாயங்காலம் வரைக்கும் ஓட்டலாம். ஆனா விவசாயிங்க மாசக் கணக்கு மட்டும் போச்சுன்னா என்னை ஊரை விட்டே துரத்திடுவாங்க."

"அப்ப உனக்கு வேண்டியது அந்தக் கணக்கோட பேக்கப். ஹைப்பர்கன்வெர்ஜ்டு வேண்டாம். நல்ல சர்வர் ஒண்ணு வாங்கு. தினம் ராத்திரி ஒரு நகல் ஃபேக்டரில, ஒரு நகல் கீழே கோயம்புத்தூர்ல. மாசம் ஒரு தடவை அதைத் திறந்து பாரு."

"மிச்சக் காசுக்கு என்ன பண்றது?"
"விவசாயிக்குக் கிலோவுக்கு ஒரு ரூபா சேர்த்துக் கொடு."
போனை வச்சுட்டான்.

25/
மருத்துவத்தில் முதல் பாடம், நோய் என்னன்னு தெரியாம மருந்து எழுதாதே. இங்கேயும் அதேதான். எவ்வளவு நேரம் நின்றால் தாங்குவீங்க, எவ்வளவு தகவல் போனால் தாங்குவீங்க என்ற ரெண்டு கேள்விக்கு முதல்ல ஒரு தாளில் பதில் எழுதுங்க. கன்வெர்ஜ்டா ஹைப்பர்கன்வெர்ஜ்டா என்பது அதுக்கப்புறம்.

என் நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை: எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிடுச்சு என்று அந்த மஞ்சப்பையைத் தூக்கிப் போட்டுடாதீங்க. பழைய இசிஜி, டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாத்துக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து உள்ளே வையுங்க. இசிஜி தாளில் எழுத்து நாளாக நாளாக மங்கிடும், ஜெராக்ஸ் நிற்கும்.

பயனுள்ளதா இருந்தா கடை, ஃபேக்டரி, கிளினிக் வச்சிருக்கிற நண்பர்களுக்கு அனுப்புங்க.


ஓர் அரசு மருத்துவர், நீலகிரி